பேட்ச் ஏன் திரும்பி வந்தது? லினக்ஸ் கெர்னலுக்கு நிரல் அனுப்புவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணா, என் கோடில் என்ன தப்பு?" லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு முதல் பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் கோப்பு) அனுப்பிவிட்டு என்னிடம் வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது இதைத்தான். அவர்கள் காட்டும் மெயிலைத் திறந்து பார்த்தால் கோடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வழியில் மெயில் உடைந்திருக்கும், அல்லது தவறான மரத்தின் (நிரல் களஞ்சியத்தின்) மேல் வேலை நடந்திருக்கும், அல்லது படிப்பவருக்கு "இது எதற்கு?" என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்காது.

கெர்னலில் இன்றும் பேட்ச்கள் மெயிலில்தான் போய் வருகின்றன. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கிட்ஹப் பிரதியில் புல் ரிக்வெஸ்ட் திறந்தால் அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மடலாடற்குழுவுக்கு மெயில் போகவேண்டும், அங்கே நாலு பேர் படிக்கவேண்டும், பராமரிப்பாளர் தன் மரத்தில் சேர்க்கவேண்டும். இந்தப் பாதையில் எங்கே அடைப்பு என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கீழே இருப்பதை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

மெயில் அனுப்பினேன், குழுவில் தென்படவே இல்லை

முதலில் லோர் காப்பகத்தில் உங்கள் தலைப்பைத் தேடுங்கள். கெர்னல் குழுக்களுக்கு வரும் மெயில்கள் அனைத்தும் அங்கே சேமிக்கப்படுகின்றன. அங்கே இருந்தால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது, "பதில் வரவில்லை" என்ற பகுதிக்குப் போகலாம். இல்லையென்றால் முதல் சந்தேகம் ஹெச்டிஎம்எல் மேல். கெர்னல் குழுக்களை நடத்தும் சர்வர் ஹெச்டிஎம்எல் மெயிலை ஏற்பதில்லை. தடித்த எழுத்தோ வண்ணமோ நீங்கள் போடாமலே இருந்திருக்கலாம். உலாவியில் திறக்கும் மெயிலும் கைப்பேசிச் செயலியும் தாமாகவே அந்த வடிவத்தில் அனுப்பிவிடும். வெற்று உரையாக அனுப்பவேண்டும், பேட்சை இணைப்பாக வைக்காமல் மெயிலின் உடலிலேயே வைக்கவேண்டும்.

இதற்கு, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளின் 'கிட் சென்ட்-ஈமெயில்' கட்டளைதான் சரியான கருவி. உள்நுழைவில் அது நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் கடவுச்சொல்தான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்ட ஜிமெயில் கணக்கில் வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது. ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி, போர்ட் 587, டிஎல்எஸ் என்று அமைக்கவேண்டும்.

அலுவலக மெயிலிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் காலிலும் "இது இரகசியமானது, உரியவர் தவிர யாரும் படிக்கக் கூடாது" என்ற பத்தியைச் சர்வரே ஒட்டிவிடும். உலகமே படிக்கும் குழுவுக்கு அப்படி ஒரு வாசகத்தோடு பேட்ச் போனால் பராமரிப்பாளர் அதைத் தொடவே தயங்குவார், தயங்குவது நியாயமும்கூட. ஐடி துறையிடம் விதிவிலக்கு கேட்டு மூன்று வாரம் காத்திருந்துவிட்டுச் சொந்த முகவரிக்கு மாறினேன். இன்று அந்த அலைச்சல் தேவையில்லை. கெர்னல் ஆட்கள் தங்களுக்கென்று எழுதி வைத்திருக்கும் 'பி4' என்ற கருவியில் இணையவழி அனுப்பும் வசதி இருக்கிறது. உங்கள் மெயில் சர்வரைத் தொடாமலே பேட்ச் குழுவுக்குப் போய்விடும்.

"உங்கள் பேட்ச் பொருந்தவில்லை" என்று பதில் வந்தது

இங்கே நிதானமாக நிற்கவேண்டும். "பொருந்தவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. எந்தப் பிழைச் செய்தி வந்தது என்று பதிலில் பாருங்கள். அதில் இல்லையென்றால் நீங்களே செய்து பாருங்கள்: லோர் காப்பகத்திலிருந்து உங்கள் மெயிலை மூல வடிவில் இறக்கி, மாற்றம் எதுவும் இல்லாத சுத்தமான மரத்தில் 'கிட் ஏஎம்' கட்டளையைக் கொடுங்கள்.

"கரப்ட் பேட்ச் அட் லைன்" என்று ஒரு வரி எண்ணோடு செய்தி வந்தால், பேட்ச் வழியில் உடைந்திருக்கிறது. பேட்சின் உடலில் ஒவ்வொரு வரியும் ஒரு குறியோடு தொடங்கும்: மாறாத வரிக்கு ஒரு வெற்றிடம், சேர்ந்த வரிக்கு +, நீங்கிய வரிக்கு -. மெயில் செயலி நீளமான வரியை இரண்டாக மடித்தால் இரண்டாம் பாதிக்கு இந்தக் குறி இருக்காது. கருவிக்கு அது என்ன வரி என்றே புரியாமல் நின்றுவிடும். டேப்கள் ஸ்பேஸாக மாறுவது இதைவிடக் கள்ளத்தனமானது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் கெர்னல் நிரலில் உள்தள்ளல் முழுக்க டேப் என்பதால் ஒரு வரிகூடப் பொருந்தாது. உலாவி வழி ஜிமெயில் டேப்களை மாற்றிவிடும், வரிகளை மடிக்கும், ஆகவே பேட்ச் அனுப்ப உதவாது என்று கெர்னல் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. 'கேட்' கட்டளையைப் பெரிய ஏ தெரிவோடு கொடுத்தால் டேப் இருக்கும் இடமெல்லாம் ^ குறியோடு தெரியும். அந்தக் குறி ஒன்றுகூடத் தென்படவில்லையென்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

"கரப்ட் பேட்ச்" செய்திக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது நம் கையால் வருவது. அனுப்பும் முன் பேட்ச் கோப்பைத் திறந்து "இந்த ஒரு வரியை மட்டும் சேர்த்துவிடலாம்" என்று கை வைக்கிறோம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் @@ -10,7 +10,8 @@ என்பது போல ஒரு கணக்கு இருக்கும். பழைய கோப்பில் 10ஆம் வரியிலிருந்து 7 வரிகள், புதியதில் 8 வரிகள் என்று பொருள். நீங்கள் ஒரு வரி சேர்த்தால் 8 என்பது 9 ஆகவேண்டும். கணக்கை மாற்றாமல் விட்டால் பேட்ச் கெட்டுப்போனதாகவே கருவி சொல்லும். கோப்பில் கை வைக்காதீர்கள். கமிட்டை, அதாவது கிட்டில் பதிவான மாற்றத்தைத் திருத்தி, 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கொண்டு மறுபடி உருவாக்குங்கள்.

"பேட்ச் டஸ் நாட் அப்ளை" என்று வந்து, டேப்களும் கெடாமல் இருந்தால் பேட்ச் முழுசாகத்தான் இருக்கிறது, அடி மரம்தான் வேறு. கெர்னலுக்கு ஒரே ஒரு மரம் என்று நினைத்து லினஸின் மரத்தில் வேலை செய்திருப்பீர்கள். ஒவ்வொரு துணை அமைப்புக்கும் சொந்த மரம் உண்டு, நெட்வொர்க்குக்கு இரண்டு. நெட் என்பது பிழைத் திருத்தங்களுக்கு, நெட்-நெக்ஸ்ட் என்பது புதிய வேலைகளுக்கு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மெயின்டெயினர்ஸ் கோப்பில் உங்கள் துணை அமைப்பின் கீழே 'டி' என்று தொடங்கும் வரி எந்த மரம் என்று சொல்லும். அதன் மேல் ரீபேஸ் செய்து (உங்கள் கமிட்களை அதன் மேல் மாற்றி வைத்து), ஃபார்மேட்-பேட்ச் கொடுக்கும்போது 'பேஸ்' தெரிவுக்கு 'ஆட்டோ' என்று மதிப்புக் கொடுங்கள். கிளை எந்த மரத்தைப் பின்தொடர்கிறது என்று முன்பே அமைத்திருந்தால், எந்தக் கமிட்டின் மேல் செய்தது என்ற வரி மெயிலின் அடியில் தானாகச் சேரும். ரோபோக்களும் மனிதர்களும் அதைப் பார்த்துச் சரியான இடத்தில் ஒட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வகையை அதிகம் பேர் புரிந்துகொள்வதில்லை. பராமரிப்பாளர் மும்முனை இணைப்போடு ஒட்ட முயலும்போது, எஸ்ஹெச்ஏ1 தகவல் போதவில்லை என்று கிட் சொல்லும். உங்கள் பேட்ச் குறிப்பிடும் பழைய கோப்பு வடிவம் அவர் களஞ்சியத்தில் எங்குமே இல்லை என்பதுதான் அதன் பொருள். அப்படியென்றால் அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறது: நீங்கள் அனுப்பாத ஒரு கமிட்டின் மேல் நின்று இந்தப் பேட்சைச் செய்திருக்கிறீர்கள். சோதனைக்குப் போட்ட 'பிரிண்ட்கே' வரிகளைத் தனிக் கமிட்டாக வைத்துவிட்டு மறந்துபோவது வழக்கமான காரணம். 'கிட் லாக்' பார்த்தால் உடனே கண்ணில் படும்.

இந்த மூன்றையும் ஒரே பழக்கத்தால் தடுக்கலாம். குழுவுக்கு அனுப்பும் முன் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், வந்த மெயிலைச் சேமித்து, பராமரிப்பாளரின் மரத்தில் ஒட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பி4 கருவியில் 'ரிஃப்ளெக்ட்' என்ற தெரிவு இதற்கென்றே இருக்கிறது.

செக்பேட்ச் திட்டுகிறது

செக்பேட்ச் என்பது பேட்சின் நடையைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட். அதில் "எர்ரர்" என்று வருவதைச் சரிசெய்யுங்கள், "வார்னிங்" என்று வருவதை யோசித்து முடிவெடுங்கள். இது வழிகாட்டி மட்டுமே, மனித முடிவுக்கு மாற்று ஆகாது என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. வரி நீளம் இதற்கு நல்ல உதாரணம். 80 எழுத்துதான் இன்றும் விரும்பத்தக்க அளவு, ஆனால் 2020இல் செக்பேட்சின் எச்சரிக்கை எல்லை 100 ஆக உயர்த்தப்பட்டது. படிக்க எளிதாக இருந்த வரியை எச்சரிக்கைக்குப் பயந்து மூன்றாக வெட்டுவது கோடுக்குக் கேடு.

நம்மவர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு: அனுப்புநர் பெயரும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்பது. தலைப்பெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரை முழுதாக எழுதுவதா என்று நம் பெயர்கள் பாஸ்போர்ட்டில் ஒன்று, மெயிலில் ஒன்று, கல்லூரிச் சான்றிதழில் ஒன்று என்றிருக்கும். கிட் அமைப்பிலும் மெயில் கணக்கிலும் ஒரே வடிவத்தை, புள்ளியும் இடைவெளியும் உட்பட, ஒருமுறை தீர்மானித்து வைத்துவிடுங்கள். பிற்பாடு உங்கள் பங்களிப்புகளைத் தேடுவதற்கும் அந்த ஒரே வடிவம் உதவும்.

சைன்ட்-ஆஃப்-பை வரியே இல்லையென்றால் பேட்ச் அங்கேயே நின்றுவிடும், வேறு யாரும் உங்களுக்காக அதைப் போட முடியாது. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸின் நிரல் உரிமையை எதிர்த்து வழக்குத் தொடுத்தபின், ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்ட 2004இல் கொண்டுவந்த நடைமுறை இது. "இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது" என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். கமிட் செய்யும்போது சிறிய எஸ் தெரிவைக் கொடுத்தால் போதும். பல கமிட்களில் விட்டுப்போயிருந்தால் 'ரீபேஸ்' கட்டளையில் 'சைன்-ஆஃப்' தெரிவு எல்லாவற்றுக்கும் சேர்த்துவிடும்.

"இந்த மாற்றம் ஏன் தேவை?" என்று கேட்கிறார்கள்

கமிட் செய்தி கோடு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதைக் கோடைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். படிப்பவருக்கு வேண்டியது வேறு: பயனருக்கு என்ன ஆனது, எப்போது ஆகிறது, ஏன் ஆகிறது, இந்தத் தீர்வு ஏன் சரி. "நல் பாயிண்டர் சோதனையைச் சேர்" என்று எழுதினால் பத்துக் கேள்வி வரும். "சாதனத்தை இணைக்கும்போது நினைவக ஒதுக்கீடு தோற்றால், பிழைப் பாதை இன்னும் உருவாகாத க்யூவை விடுவிக்க முயல்கிறது, கெர்னல் விழுகிறது, க்யூ உருவாகும் முன்பே வெளியேறும்படி லேபிளை மாற்று" என்று எழுதினால் ஒரு கேள்வியும் வராது.

வினைச்சொல் கட்டளையாக இருக்கட்டும்: "மாற்று", "நீக்கு". "மாற்றினேன்", "இந்தப் பேட்ச் மாற்றுகிறது" எல்லாம் வேண்டாம். தலைப்பு 70 முதல் 75 எழுத்துக்குள் அடங்கட்டும். அதன் முன்னொட்டு எப்படி இருக்கவேண்டும் என்று அந்தக் கோப்பின் பழைய கமிட் தலைப்புகளைப் பார்த்தால் தெரியும். முந்தைய கமிட் ஒன்று கொண்டுவந்த பிழையைத் திருத்துகிறீர்கள் என்றால், அதன் அடையாளத்தில் குறைந்தது 12 எழுத்தும் தலைப்பும் கொண்ட 'ஃபிக்ஸஸ்' வரி கட்டாயம். அதை வைத்துத்தான் எந்தப் பழைய பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போகவேண்டும் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஆங்கிலத் தயக்கத்தால் பலர் ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை விடுங்கள். முதலில் காரணத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் வையுங்கள். கெர்னலுக்கு எழுதுகிறவர்களில் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் ஏராளம். இலக்கணம் சறுக்கினாலும் காரணம் தெளிவாக இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

வாரம் கடந்தும் பதிலே வரவில்லை

மனசுக்கு அதிக பாரம் தருவது இந்த மௌனம்தான். திட்டு வந்தாலாவது தெரியும். ஆனால் மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பின் இரண்டு வாரம் 'மெர்ஜ் விண்டோ'. அந்த நாட்களில் பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்ததை லினஸிடம் கொடுப்பதில் மூழ்கியிருப்பார்கள். அப்போது புதிய வசதிக்கான பேட்ச் அனுப்பினால் கவனிக்க ஆள் இருக்காது. நெட்-நெக்ஸ்ட் மரமோ அந்த இரண்டு வாரமும் மூடியே இருக்கும். கருத்துக் கேட்க 'ஆர்எஃப்சி' என்று குறித்து அனுப்பலாம், சேர்க்கச் சொல்லி அனுப்பக் கூடாது. முதல் 'ஆர்சி' (சோதனை வெளியீடு) வெளியான பிறகு அனுப்புவதே நல்லது.

நாட்காட்டி சரியென்றால், யாருக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். குழுவுக்கு மட்டும் அனுப்பியிருந்தால் நூற்றுக்கணக்கான மெயில்களுக்கு நடுவே அது புதைந்திருக்கும். 'கெட்-மெயின்டெயினர்' ஸ்கிரிப்டை உங்கள் பேட்ச் கோப்பின் மேல் ஓட்டினால் பராமரிப்பாளர், மதிப்பாய்வாளர், குழு என்று பட்டியல் வரும். அந்தப் பகுதிக்கு உரிய ஆள் இல்லாதபோது பழைய கமிட்களை வைத்தும் அது பெயர்களைத் தேடித் தரும். எப்போதோ ஒரு எழுத்துப்பிழை திருத்தியவருக்குக்கூட உங்கள் மெயில் போகலாம், ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள பங்கைப் படியுங்கள். மெயின்டெயினர்ஸ் கோப்பில் அந்தப் பகுதியின் நிலை 'ஆர்ஃபன்' என்றிருந்தால் அதற்கு ஆளே இல்லை; ஒரு படி மேலே உள்ள துணை அமைப்பின் பராமரிப்பாளரிடம் போகவேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால் காத்திருங்கள். குறைந்தது ஒரு வாரம். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். பிறகு அதே மெயில் தொடரில் "நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா?" என்று ஒரு வரி. அதற்கும் பதில் இல்லையென்றால் எதையும் மாற்றாமல், தலைப்பில் 'ரீசென்ட்' என்று சேர்த்து மறுபடி அனுப்புங்கள். கோடை மாற்றியிருந்தால் அது ரீசென்ட் ஆகாது, புதிய பதிப்பு.

நெருக்கிக் கேட்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் 2024 மார்ச்சில் ஒரு பின்வாசல் வெளிப்பட்டது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து அண்ட்ரெஸ் ஃப்ரூண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். பின்னோக்கிப் பார்த்தபோது, தனி ஆளாக அந்தத் திட்டத்தைச் சுமந்தவரை "பேட்ச்களைக் கவனிப்பதே இல்லை, வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று சில கணக்குகள் தொடர்ந்து நெருக்கியது பழைய மெயில்களில் தெரிந்தது. அந்த நெருக்கலுக்குப் பிறகு பொறுப்பில் பங்கு பெற்றவரிடமிருந்துதான் பின்வாசல் வந்தது. மறுமுனையில் இருப்பவரும் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து படிக்கும் ஒரு மனிதராக இருக்கலாம். அவருக்கு மூச்சு விட இடம் கொடுப்பது மரியாதை மட்டுமில்லை, அந்த மென்பொருளுக்கே பாதுகாப்பு.

ரோபோவிடமிருந்து "பில்ட் தோற்றது" என்று மெயில் வந்தது

பதற்றம் வேண்டாம். குழுவுக்கு வரும் பேட்ச்களைப் பல வன்பொருள் கட்டமைப்புகளிலும் பல கெர்னல் அமைப்புத் தெரிவுகளிலும் தொகுத்து (கம்பைல் செய்து) பார்க்கும் தானியங்கி அது. உங்கள் எக்ஸ்86 கணினியில் ஓடியது வேறொரு கட்டமைப்பில் ஒரு ஹெடர் கோப்பு விட்டுப்போனதால் தோற்றிருக்கும். மெயிலிலேயே அந்த அமைப்புக் கோப்பும் திரும்பச் செய்து பார்க்கும் வழியும் இருக்கும். பேட்ச் இன்னும் யார் மரத்திலும் சேரவில்லையென்றால், திருத்தத்தைத் தனிப் பேட்சாக மேலே ஒட்டாமல் புதிய பதிப்பு அனுப்புங்கள். சேர்ந்துவிட்டது என்றால் மட்டும் தனிப் பேட்ச், அதில் ரோபோ கேட்கும் 'ரிப்போர்ட்டட்-பை', 'க்ளோசஸ்' வரிகளோடு.

தொடரில் ஐந்து பேட்ச் இருந்து கடைசியில் மட்டும் தொகுப்பு ஓடினால் அதுவும் பிழைதான். பின்னாளில் ஒருவர் 'பைசெக்ட்' செய்து, அதாவது கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழையைத் தேடும்போது உங்கள் மூன்றாவது கமிட்டில் வந்து நின்றுவிடுவார். ரீபேஸ் கட்டளைக்கு 'எக்ஸெக்' தெரிவில் 'மேக்' என்று கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டையும் தனித்தனியாகத் தொகுத்துப் பார்க்கும்.

இரண்டாம் பதிப்பு அனுப்பினேன், "முன்பு சொன்னதைக் கவனிக்கவே இல்லையே" என்கிறார்கள்

பல சமயம் கவனித்திருப்பீர்கள், சொல்லியிருக்க மாட்டீர்கள். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் அந்த மெயிலிலேயே, அந்த வரிக்குக் கீழேயே பதில் எழுதுங்கள்: "சரி, மாற்றுகிறேன்" அல்லது "இந்தக் காரணத்தால் இப்படியே வைக்கிறேன்". மேலே மொத்தமாகப் பதில் எழுதி, கீழே முழு மெயிலையும் தொங்கவிடும் வழக்கம் இங்கே வேண்டாம். புதிய பதிப்பின் தலைப்பில் எண் இருக்கவேண்டும், முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்ற பட்டியல் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே வரவேண்டும். அதற்கு மேலே எழுதினால் கெர்னல் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும், கீழே எழுதினால் ஒட்டும்போதே உதிர்ந்துவிடும்.

முன் பதிப்புக்கு யாராவது 'ரிவ்யூட்-பை' கொடுத்திருந்தால் அதைப் புதிய பதிப்பில் சேருங்கள், பி4 கருவி அதைத் தானே திரட்டித் தரும். ஆனால் அவர் பார்த்த கோடு கணிசமாக மாறியிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் பார்க்காத கோடுக்கு அவர் பெயரைச் சாட்சியாக வைப்பது தவறு. அவசரமும் வேண்டாம்: நெட்வொர்க் பிரிவில் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே 24 மணி நேரமாவது விடவேண்டும் என்பது விதி.

விமர்சனம் கடுமையாக இருக்கிறது

மெயிலை மூடிவிட்டு மறுநாள் திறங்கள். அதிலுள்ள தொழில்நுட்பக் குறிப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கெர்னல் சமூகத்தின் பேச்சு ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது. 2018 செப்டம்பரில் லினஸே தன் மெயில்களுக்காக வருத்தம் தெரிவித்துச் சில வாரம் ஒதுங்கியிருந்தார், நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. தனிப்பட்ட முறையில் யாராவது இழிவாகப் பேசினால் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த விதிகளின்படி முறையிட ஒரு குழு இருக்கிறது.

ஏற்றுக்கொண்டேன் என்றார்கள், ஆனால் லினஸின் மரத்தில் காணோம்

காணாமல் போகவில்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் பராமரிப்பாளரின் மரம், அங்கிருந்து எல்லா மரங்களும் தினமும் கூடும் லினக்ஸ்-நெக்ஸ்ட், அடுத்த மெர்ஜ் விண்டோவில்தான் லினஸ். பிழைத் திருத்தங்கள் ஆர்சி காலத்திலேயே போகும், புதிய வசதிகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பழைய நிலைப் பதிப்புகளுக்கும் போகவேண்டும் என்றால், ஸ்டேபிள் குழுவின் முகவரியைச் 'சிசி' வரியாகச் சைன்ட்-ஆஃப்-பை பகுதியில் எழுதவேண்டும். மெயிலில் மட்டும் அந்த முகவரியைச் சேர்த்தால், இது சரியான முறையல்ல என்று ஒரு படிவப் பதில் வரும்.

மதிப்பாய்வு செய்ய ஆசை, ஆனால் என் கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை

இப்போது மேசையின் மறுபக்கம். கெர்னலில் பேட்ச் எழுதுகிறவர்களைவிடப் படிக்கிறவர்கள் குறைவு. அதனால் புதியவர் படித்துச் சொன்னாலும் வரவேற்பு உண்டு. வரவேற்பு இல்லையென்றால் பெரும்பாலும் கருத்து ஸ்பேஸ், கமா பற்றியதாக மட்டும் இருந்திருக்கும். அதைச் செக்பேட்ச் சொல்லிவிடும். மனிதரிடம் எதிர்பார்ப்பது வேறு.

நான் படிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கமிட் செய்தியை மட்டும் படித்து, நானாக இருந்தால் எங்கே கை வைப்பேன் என்று யோசிப்பேன். பிறகு பி4 கொண்டு தொடர் முழுவதையும் இறக்கி, ஒட்டி, முழுச் சார்பையும் (ஃபங்ஷன்) படிப்பேன். பேட்சில் தெரியும் மூன்று வரிச் சூழலில் பிழை ஒளிந்திருப்பது அபூர்வம், அது அதற்கு வெளியே இருக்கும். அடுத்தது பிழைப் பாதை. கெர்னலில் வளங்களைப் பெற்ற வரிசைக்கு நேரெதிராக விடுவிக்கவேண்டும், அதற்காக, வேறோர் இடத்துக்குத் தாவும் 'கோடூ' கட்டளைக்கான லேபிள்களை அடுக்குவார்கள். ஒவ்வொரு கோடூவிலும் நின்று "இந்த நொடியில் என்னென்ன கையில் இருக்கிறது?" என்று விரல் விட்டு எண்ணுங்கள். பூட்டைத் திறக்காமல் வெளியேறுவது, ஒருமுறை விடுவித்ததை மறுபடி விடுவிப்பது, பயன்பாட்டு எண்ணிக்கையைக் குறைக்க மறப்பது எல்லாம் இங்கேதான் சிக்கும். அதற்கடுத்தது பூட்டுகள்: ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போது தூங்கக்கூடிய ஒதுக்கீடு ஏதும் உள்ளே அழைக்கப்படுகிறதா? இவை வெறும் கண்ணுக்குத் தப்பும். லாக்டெப், டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற பூட்டுச் சோதனைகளை இயக்கிய கெர்னலில் அந்தப் பாதையை ஓடவிட்டால் கெர்னலே கத்திச் சொல்லும்.

சொல்லும்போது அனுமானத்தையும் உறுதியையும் பிரித்துச் சொல்லுங்கள். "இங்கே பூட்டு விடுபடுகிறது, இந்தப் பாதையில்" என்பது உறுதி. "எனக்கு இந்தத் துணை அமைப்பு அவ்வளவு தெரியாது, இங்கே இரண்டு அழைப்புகள் ஒரே நேரத்தில் வர முடியுமா?" என்பதும் மதிப்புள்ள கேள்விதான். எழுதியவர் யோசிக்காத இடத்தை அந்தக் கேள்வி பல முறை காட்டிக் கொடுத்திருக்கிறது. தொடர்பில்லாத மெயில் வரிகளை வெட்டிவிட்டு, பேசும் வரிக்கு நேர் கீழே எழுதுங்கள்.

குறிச்சொற்களைக் கலக்காதீர்கள். உங்கள் வன்பொருளில் ஓட்டிப் பார்த்திருந்தால் 'டெஸ்டட்-பை', எந்தச் சாதனத்தில் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 'ஆக்ட்-பை' என்பது பெரும்பாலும் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் சம்மதம் தெரிவிப்பது. 'ரிவ்யூட்-பை' என்பது முழுதாகப் படித்தேன், என் அறிவுக்கு எட்டியவரை இது சேரத் தகுந்தது என்ற வாக்குமூலம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அதைக் கொடுக்கக் கூடாது.

நான் ரிவ்யூட்-பை கொடுத்த பேட்சில் பிழை வெளிவந்தது

இது எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. புகார் சொன்னவரின் மெயிலுக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள். நீங்கள் படித்தபோது எந்தப் பாதையைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று சொன்னால் பேட்ச் எழுதியவர் தேடும் இடம் சுருங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பயனர் நிரல் நின்றுபோயிருந்தால் திருத்தம் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் முதல் விதி. சில நாட்களில் சரியான திருத்தம் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 'கிட் ரிவர்ட்' கொடுத்து, காரணத்தை முழுதாக எழுதி, ஃபிக்ஸஸ் வரியோடும் புகார் சொன்னவரின் பெயரோடும் அனுப்புங்கள். பேட்ச் எழுதியவரையும் பெறுநராகச் சேர்த்து, அடுத்த பதிப்பை நீங்களே முதலில் படித்துத் தருவதாக அவருக்குச் சொல்லுங்கள்.